தொண்டு என்னும் திரை: பிலிப்பைன்ஸ் இளைஞர் மன்றங்களுக்கு வாக்குச்சீட்டு எதற்கு?

பிலிப்பைன்ஸ் நாட்டின் இளைஞர் மன்றங்களைப் புகழ்வோர் பெரும்பாலும் நிழற்படங்களைக் காட்டியே புகழ்கின்றனர். கடற்கரையில் குப்பை அகற்றும் இளைஞர்கள், சேற்றில் இறங்கி அலையாத்தி நாற்று நடும் இளைஞர்கள், பள்ளி திறக்கும் வாரத்தில் சிறுவர்களுக்குப் பையும் குறிப்பேடும் வழங்கும் இளைஞர்கள் எனப் படங்கள் நீள்கின்றன. ஒவ்வொரு படத்தின் பின்னணியிலும், அங்கே டார்பாலின் என்றும் இங்கே பிளக்ஸ் என்றும் வழங்கும் பதாகை ஒன்று தொங்குகிறது. அதில் இளைஞர் மன்றத் தலைவரின் முகம். பக்கத்தில் ஊர்த்தலைவரின் முகம். இருவரையும் விடப் பெரிதாக மேயரின் முகம். இருபது வயதில் இத்தனை தொண்டா என்று பார்ப்பவர் வியக்கின்றனர். இளைஞர் தலைமைத்துவ மாநாடுகளில் இதுவே முன்மாதிரியாக எடுத்துரைக்கப்படுகிறது.

இந்த வியப்பு தவறான இடத்தில் விழுகிறது. தெருவைக் கூட்டுவதற்கும் மரம் நடுவதற்கும் எவரும் வாக்குப் பெற வேண்டியதில்லை. விருப்பமும் ஒரு துடைப்பமும் போதும். அப்படியிருக்க, ஒரு நாடு பதினைந்து வயதினருக்கு வாக்குச்சீட்டைக் கொடுத்து, ஏறத்தாழ 42,000 ஊர்களிலும் நகர்ப்பகுதிகளிலும் தலைவர் ஒருவரையும் உறுப்பினர் எழுவரையும் தேர்ந்தெடுக்கச் செய்து, பொதுப்பணத்தின் ஒரு பகுதியை அவர்களிடம் ஒப்படைப்பது எதற்காக? துடைப்பம் பிடிப்பதற்காக என்று விடை சொல்வது அந்த வாக்குச்சீட்டையே இழிவுபடுத்துவதாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைத் தொண்டர் படையாகக் காண்பதும் காட்டுவதும் இளைஞர்களின் அரசியல் உரிமையைக் களவாடும் செயல். பாராட்டின் வடிவில் நடப்பதால் அது களவு என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இந்திய வாசகருக்கு இவ்வமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் ஆட்சியமைப்பின் கடைசிப் படி ‘பரங்கை’ எனப்படுகிறது; ஊராட்சி, நகர வட்டம் ஆகிய இரண்டுக்கும் அங்கே அதுவே பெயர். ஒரு பரங்கையில் ஆறு மாதமேனும் வசித்து, முறைப்படிப் பதிவுசெய்துகொண்ட 15 முதல் 30 வயது வரையுள்ள குடிமக்கள் ‘கத்திபூனான்’ எனப்படும் இளைஞர் பேரவையாக அமைகின்றனர். அப்பேரவை 18 முதல் 24 வயது வரையுள்ளவர்களிலிருந்து ‘சங்குனியாங் கபத்தான்’ என்னும் இளைஞர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறது. மன்றத் தலைவர் தம் பதவியின் வழியாகவே பெரியவர்களின் பரங்கை மன்றத்திலும் உறுப்பினராகிறார். பரங்கையின் பொதுநிதியில் 10 விழுக்காடு இளைஞர் மன்றத்துக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. இந்தியாவில் ஊராட்சித் தேர்தலில் நிற்கவே 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஓர் இளைஞருக்கு அரசு திறந்துவைத்திருக்கும் வாசல்களில் முதன்மையானவை நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற தொண்டமைப்புகளே. அவற்றுக்குப் பழகிய கண்கள் பிலிப்பைன்ஸ் மன்றத்தை அவற்றின் பெரியதொரு வடிவமாகப் பார்த்துவிடுவதில் வியப்பில்லை. பார்வை பழகியது என்பதால் அது சரியாகிவிடாது.

2016 சனவரியில் அதிபர் பெனிக்னோ அகினோ கையொப்பமிட்ட சீர்திருத்தச் சட்டத்தைப் படிப்பவருக்கு வேறொரு படம் தெரியும். இளைஞர் பேரவை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்கிறது அச்சட்டம். தலைவர் கூட்டாவிட்டால், உறுப்பினரில் இருபதில் ஒரு பங்கினர் எழுத்து வழியாகக் கோரினாலே பேரவை கூட வேண்டும். பேரவையைக் கலந்து மூன்றாண்டுத் திட்டமும், அதிலிருந்து ஆண்டுத் திட்டமும் வகுக்கப்பட வேண்டும். நிதி மொத்தமாக ஒதுக்கப்பட்டு, மன்றத்தின் பெயரிலேயே அரசு வங்கியில் கணக்கு வைக்கப்பட வேண்டும். காசோலையில் கையெழுத்திடுவோர் மன்றத் தலைவரும் பொருளாளரும். பணம் செல்ல வேண்டிய துறைகளையும் சட்டம் அடுக்குகிறது: கல்வி, சுற்றுச்சூழல், பேரிடர்த் தணிப்பு, வேலைவாய்ப்பு, உடல்நலம், பாலினச் சமத்துவ உணர்வு, விளையாட்டு, தலைமைப் பயிற்சி. இவ்வரிசையில் விளையாட்டு பலவற்றுள் ஒன்று மட்டுமே.

ஆக, சட்டம் வகுத்த வரிசை தெளிவானது. முதலில் பேரவை கூடும். பேரவையின் தேவைகளிலிருந்து திட்டம் பிறக்கும். திட்டத்திலிருந்து வரவுசெலவுக் கணக்கு பிறக்கும். இறுதியில் பணி நடக்கும். நடைமுறை இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. பணியே முதலில் வருகிறது. அதுவும் சென்ற ஆண்டு செய்த அதே பணி. அதற்குப் பொருந்தும்படி ஆண்டுத் திட்டம் எழுதப்படுகிறது. பேரவை என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் பெறுவதற்கான சடங்காகச் சுருங்குகிறது. இருபதில் ஒரு பங்கினர் தாமே பேரவையைக் கூட்டலாம் என்னும் உரிமையை எத்தனை மன்றங்கள் தம் இளைஞர்களுக்குச் சொல்லியிருக்கும்? கூடைப்பந்துப் போட்டியின் நாளைத் தெருதோறும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் மன்றங்கள் இவ்வுரிமையை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் தயங்குகின்றன.

இத்தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இம்மன்றங்களின் முன்னோடி 1975 ஏப்ரலில் பிறந்தது. இராணுவச் சட்டத்தின் கீழ் நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஃபெர்டினண்டு மார்க்கோஸ் ஓர் ஆணையின் வழியே ‘கபத்தாங் பரங்கை’ என்னும் இளைஞர் அமைப்பைத் தோற்றுவித்தார். வீதியில் இறங்கிய மாணவர் இயக்கங்களை ஒடுக்கிய ஆட்சி, இளைஞர்களுக்கென்று தானே ஒரு மேடை கட்டிக் கொடுத்தது. அம்மேடையின் தேசியத் தலைமையில் அமர்ந்தவர் மார்க்கோஸின் மகள் ஐமீ. 1977 ஆகஸ்ட் 31 அன்று மணிலாவில் நடந்த திறந்த கலந்துரையாடல் ஒன்றில் ஆர்க்கிமிடீஸ் திரஹானோ என்னும் 21 வயது மாணவர் எழுந்தார். நாட்டின் இளைஞர் அமைப்புக்கு அதிபரின் மகள் தலைமையேற்பது ஏன் என்று கேட்டார். பாதுகாவலர்கள் அவரை அரங்கிலிருந்து வெளியே கொண்டுசென்றனர். சில நாட்களில் சித்திரவதைக் காயங்களுடன் அவருடைய உடல் கிடைத்தது.

மார்க்கோஸ் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு, மாணவரின் தாய் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஐமீ மார்க்கோஸ் எதிர்வாதம் தாக்கல் செய்யாத அவ்வழக்கில் ஒருதலைத் தீர்ப்பாக அவர் பொறுப்பாளி என முடிவாகி, 40 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அத்தீர்ப்பைத் தாய்நாட்டில் நிறைவேற்றும் முயற்சியோ 2006இல் முறிந்தது. அழைப்பாணை முறைப்படி சேர்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் வழக்கை நிறுத்தியது. ஐமீ மார்க்கோஸ் 2019 முதல் அந்நாட்டுச் செனட் அவையின் உறுப்பினர்.

இவ்வரலாற்றைக் கடந்தகாலத் துயரம் என்று கட்டி வைத்துவிட முடியாது. இளைஞர் அமைப்பு எதற்காக என்பதற்கு அன்றைய ஆட்சி அளித்த விடை அதில் இருக்கிறது. கபத்தாங் பரங்கை இளைஞர்களும் பணிகள் செய்தனர். பயிற்சி முகாம்கள் நடத்தினர். விளையாட்டுப் போட்டிகள் நடத்தினர். பணி செய்தவர்களை எவரும் தடுக்கவில்லை, பாராட்டவே செய்தனர். கேட்டவருக்குத்தான் உயிர் போயிற்று. தொண்டு எந்த ஆட்சிக்கும் உவப்பானது. கொடுங்கோலாட்சிக்கு இன்னும் உவப்பானது. ஆகவே, ஓர் இளைஞர் அமைப்பு செய்யும் தொண்டின் அளவைக் கொண்டு அது குடியாட்சியின் உறுப்பா, ஆட்சியாளரின் அணிகலனா என்று கண்டுகொள்ள முடியாது. அதன் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்பதே அதைக் காட்டும்.

மார்க்கோஸ் ஆட்சி வீழ்ந்த பின், 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இன்றைய மன்றத்தை உருவாக்கியது. 10 விழுக்காடு நிதியும் பரங்கை மன்றத்தில் இடமும் அப்போதே வழங்கப்பட்டன. எனினும் பணத்தின் சாவி பெரியவர்களிடமே இருந்தது. இளைஞர் நிதி பரங்கையின் கருவூலத்தில் கிடந்தது. ஊர்த்தலைவரின் ஒப்புதலின்றி அது அசையவில்லை. 2002இல் வந்த திருத்தம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மன்றத்தினரின் வயது 15 முதல் 18க்குள் எனக் குறைக்கப்பட்டது. சட்டப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் தகுதியற்ற சிறுவர்களிடம் பொதுப்பணத்தின் பொறுப்பு பெயரளவில் தரப்பட்டது. முடிவுகளை அவர்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர்கள் எடுத்தனர். பிறகு, இம்மன்றங்கள் ஊழலின் நாற்றங்கால் என்ற கூக்குரல் எழுந்தது. அவற்றைக் கலைக்கக் கோரும் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. குழந்தையின் கையைப் பிடித்து வெற்றுத்தாளில் எழுதவைத்தவர்களே குழந்தையின் கையெழுத்து கோணல் என்று தீர்ப்புச் சொன்ன கதை இது.

2013இல் இளைஞர் மன்றத் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெரியவர்களின் பரங்கைத் தேர்தல் மட்டும் நடந்தது. இருந்த மன்றங்களின் பதவிக்காலம் நவம்பர் 30 அன்று முடிந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், நவம்பர் 8 அன்று, ஹையான் சூறாவளி விசயாஸ் தீவுகளைச் சிதைத்திருந்தது. தக்லோபான் நகரம் கடலலையில் மூழ்கியது. நாடு முழுவதும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு தலைமுறை கண்டிராத பேரழிவின் நடுவில், தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர் மன்றம் நாடு முழுவதிலும் ஒன்றுகூட இல்லாமற்போனது. 2018 மே மாதம் வரை, ஏறத்தாழ நாலரை ஆண்டுகள், அந்நிலை நீடித்தது.

அக்காலத்தில் இளைஞர் பணிகள் நின்றுவிட்டனவா? நிற்கவில்லை. இளைஞர் நிதியை இளைஞர் நலத்துக்கெனப் பரங்கை மன்றமே செலவிடச் சட்டம் இடமளித்தது. கூடைப்பந்துப் போட்டிகள் நடந்தன; மரங்கள் நடப்பட்டன; பைகள் வழங்கப்பட்டன. இளைஞர்களும் தாமாகவே நிவாரணப் பொட்டலங்கள் கட்டினர், இடிபாடு அகற்றினர். தொண்டே இம்மன்றங்களின் பொருள் என்று கொள்வோர் இங்கே ஒரு விடை சொல்லியாக வேண்டும்: தொண்டு குறையவில்லை எனில், அந்த நாலரை ஆண்டுகளில் இளைஞர்கள் இழந்தது என்ன? இழப்பு எதுவுமில்லை என்றால் மன்றங்களைக் கலைக்கச் சொன்னவர்களின் வாதம் சரியாகிவிடும். இழப்பு இருந்தது. மீள்குடியேற்றத்துக்கு எந்த நிலம், இடிந்த பள்ளிக்கு முன்னுரிமையா ஊர்மண்டபத்துக்கு முன்னுரிமையா, இளைஞர் நிதி எங்கே போயிற்று என்று பரங்கை மன்றத்தின் மேசையில் அமர்ந்து கேட்கும் உரிமை பெற்ற ஒரு நாற்காலி காலியாகிவிட்டது. தொண்டைப் புகழ்வோரும் மன்றத்தைக் கலைக்கச் சொல்வோரும் எதிரெதிர் அணியினர் போலத் தோன்றினாலும், அந்த நாற்காலியைக் காணாதிருப்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

நாற்காலி கண்ணுக்குத் தெரியாமற்போவது தற்செயலன்று. பிலிப்பைன்ஸ் சமூகத்தில் ‘உத்தாங் நா லோஓப்’ என்னும் ஆழமான அறவுணர்வு உண்டு. ஒருவர் செய்த உதவியை உள்ளத்தின் கடனாகச் சுமப்பது அதன் பொருள். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அதன் எடை எளிதில் விளங்கும். மனிதருக்கிடையே அது உயர்ந்த பண்பு. அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே அது நுழையும்போது நஞ்சாகிறது. பரங்கையின் பொதுநிதியில் வாங்கிய பள்ளிப்பை அந்தச் சிறுமிக்கு உரிமைப்பொருள். அதன்மேல் ஒரு முகத்தை அச்சிட்டு ஒரு கை அதை நீட்டும்போது உரிமை கொடையாகிறது, கொடை கடனாகிறது, கடன் அடுத்த தேர்தலில் வாக்காக வசூலிக்கப்படுகிறது. பொதுப்பணத்தில் தம் பெயரை ஒட்டிக்கொள்ளும் அரசியலாளரை அந்நாட்டு மக்கள் ‘எபால்’ என்று எள்ளுகின்றனர். பழைய பாணி அரசியல்வாதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘த்ராப்போ’. அழுக்குத் துணி என்றும் அதற்குப் பொருள். பொதுப்பணிகளில் அரசியலாளரின் பெயரும் படமும் கூடாது என்று உள்துறை 2010இலேயே சுற்றறிக்கை விடுத்தது. அதற்குப் பின்னும் பதாகைகள் குறைந்தபாடில்லை. இளைஞர் மன்றத்தில் பதினெட்டு வயதில் நுழைபவர் முதலில் கற்கும் அரசியல் பாடம் இப்பதாகையில் தம் முகத்தை எங்கே வைப்பது என்பதாக இருந்தால், அவரிடமிருந்து புதிய அரசியலை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இத்தகைய தொண்டுக்கு ‘பயனிஹான்’ மரபைச் சான்று காட்டுவோர் உண்டு. ஒரு குடும்பம் இடம்பெயரும்போது ஊரார் கூடி, மூங்கில் கழிகளின்மேல் வீட்டையே தோளில் தூக்கிச் செல்லும் பழைய வழக்கம் அது. அச்சான்று அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. பயனிஹானில் வீட்டுக்காரர் தூக்கியவர்களுக்கு உணவிட்டு மகிழ்வார். நாளை இன்னொருவர் வீட்டை அவரும் தூக்குவார். அங்கே கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு இல்லை. வரிசையில் நின்று, பெயர் எழுதி, பையை வாங்கி, ஒளிப்படக் கருவியைப் பார்த்துச் சிரிக்கவேண்டிய ஒரு சிறுமியை அந்த மரபின் வாரிசு என்று சொல்வது மரபுக்கும் அவளுக்கும் செய்யும் அநீதி.

தொண்டின் பக்கம் மன்றங்களைத் தள்ளும் இன்னொரு விசை அலுவலகத்தில் இருக்கிறது. இளைஞர் நிதி அரசின் கணக்குத் தணிக்கைக்கும் கொள்முதல் விதிகளுக்கும் உட்பட்டது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இருபது வயதுப் பொருளாளர் ஒருவரின் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்கலாம். பந்துக்கு ரசீது உண்டு. சீருடைக்கு ரசீது உண்டு. கோப்பைக்கும் ரசீது உண்டு. மழைதோறும் ஓடை ஏன் தெருவுக்குள் வருகிறது என்று கேட்டு, இளைஞர்களைக் கொண்டு தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, அதை நகர மன்றத்தின்முன் வைப்பதற்கு எந்தக் கடையில் ரசீது வாங்குவது? தணிக்கைக்கு அஞ்சும் இளைஞர் பாதுகாப்பான பணியைத் தேர்கிறார். பாதுகாப்பான பணி எப்போதும் எண்ணக்கூடிய பொருளாக இருக்கிறது. அறிக்கையில் ‘பயன்பெற்றோர் எண்ணிக்கை’ என்னும் கட்டம் உண்டு. ‘கேட்கப்பட்ட கேள்விகள், கிடைத்த விடைகள்’ என்னும் கட்டம் இல்லை. இதில் பழி இளைஞருக்குரியதன்று, கட்டங்களை வரைந்தவர்களுக்குரியது.

இவ்விடத்தில் வலுவான மறுப்பொன்று எழும். ஏழைப் பரங்கை ஒன்றில் வாழும் தாய்க்கு அரசியல் உரிமை பற்றிய விரிவுரை எதற்கு? 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் அச்சிட்ட தாள்களாக வீட்டுக்கு வந்தபோது, பல இளைஞர் மன்றங்கள் அச்சுப்பொறியும் தாளும் வாங்கி மாணவர்களுக்கு இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தன. இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அதுவே பள்ளி. இதையும் திரை என்று இகழ்வதா? இகழ்வதற்கில்லை. அந்த அச்சுப்பொறி ஒரு நல்ல மன்றத்துக்குச் சான்று. ஏன் நல்லது என்று காண்பதே தேவை. அது சென்ற ஆண்டின் பட்டியலிலிருந்து வரவில்லை; அந்த மாதத்தில் அந்த ஊரின் பிள்ளைகளுக்கு எது தேவை என்று கேட்டறிந்ததிலிருந்து வந்தது. தம் கையில் பணமும் முடிவெடுக்கும் அதிகாரமும் இருந்ததால் மன்றத்தால் உடனே செயற்பட முடிந்தது. தொண்டு சிறந்தது அதிகாரம் இருந்ததால். அதோடு, அந்த மன்றம் நிறுத்தியிருக்கக் கூடாத இன்னொரு படியும் இருந்தது: நாட்டின் பிள்ளைகளுக்குத் தாள் வாங்கித் தரும் பொறுப்பு பதினெட்டு வயதினரின் சிறு நிதிக்கு வந்து சேர்ந்தது எப்படி என்று கல்வித்துறையைக் கேட்பது. இலவச அச்சு பசியை ஆற்றும். அக்கேள்வி பசியின் காரணத்தைத் தொடும். இரண்டையும் செய்யவே ஒரு மன்றத்துக்கு வாக்களிக்கப்படுகிறது.

சீர்திருத்தத்தின் நேர்மையையும் இங்கே அளந்து பார்க்க வேண்டும். அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் அரசமைப்பே கூறுகிறது. வரையறை மட்டும் நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு விடப்பட்டது. அச்சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவேயில்லை. வாரிசுத் தடை முதன்முதலாகச் சட்டமானது 2016இன் இளைஞர் மன்றச் சீர்திருத்தத்தில்தான். பதவியிலுள்ளவரின் பிள்ளை, பேரன், பேத்தி, உடன்பிறந்தோர் போன்ற இரண்டாம் தலைமுறைப்படி வரையிலான உறவினர் போட்டியிட முடியாது. நல்ல விதி. ஆயினும் அண்ணன் மகனும் தங்கை மகளும் மூன்றாம் படியினர், அவர்களுக்குத் தடையில்லை. அதைவிடப் பெரிய முரண், தந்தையர்க்கும் தாயர்க்கும் பொருந்தாத தூய்மை பிள்ளைகளின்மீது மட்டும் சுமத்தப்பட்டது. செனட்டிலும் ஆளுநர் மாளிகையிலும் குடும்பங்கள் பதவிகளைக் கைமாற்றிக்கொள்ள, நாட்டின் ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பு ஊர் இளைஞருக்கு வந்தது. இதையும் ஒரு தொண்டாக எண்ணிக்கொண்டார்கள் போலும்.

தேர்தல் நாளே உறுதியற்றதாக இருப்பதை எந்தத் தொண்டும் ஈடுசெய்யாது. 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்துக்கு 2020 மே மாதம் தேர்தல் வந்திருக்க வேண்டும். அது 2022 டிசம்பருக்கும், பிறகு 2023 அக்டோபருக்கும் தள்ளப்பட்டது. இரண்டாவது ஒத்திவைப்பு அரசமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் அக்டோபர்த் தேர்தலே நடந்தது. 2018இல் 24 வயதில் பதவியேற்ற ஒருவர் 29 வயது வரை இளைஞர் மன்றத்தில் இருந்தார். அதே நாளில் முதல்முறை வாக்களித்த 15 வயதுச் சிறுமி இரண்டாம் முறை வாக்களிக்கையில் 20 வயதைக் கடந்திருந்தாள். அடுத்த தேர்தல் 2025 டிசம்பரில் நடக்க வேண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் பதவிக்காலத்தை நான்காண்டாக்கி, தேர்தலை 2026 நவம்பருக்குத் தள்ளியது. அதில் கையொப்பமிட்ட அதிபர், 1975இல் இளைஞர் அமைப்பை ஆணையால் படைத்தவரின் மகன். இளமை விரைந்து கழியும் பருவம். அதன் வாக்கை ஒத்திவைப்பது பெரியவர்களின் வாக்கை ஒத்திவைப்பதற்குச் சமமன்று. பலருக்கு அது நிரந்தர மறுப்பு. இவ்வொத்திவைப்புகளை எதிர்த்து எத்தனை மன்றங்கள் தம் பேரவையைக் கூட்டித் தீர்மானம் இயற்றின என்பதே அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் வினா. கடற்கரையில் எத்தனை மூட்டைக் குப்பை சேர்ந்தது என்பது அதற்கு வெகு பின்னால் வருவது.

பணத்தின் பக்கமும் வினாக்கள் காத்திருக்கின்றன. தேசிய வருவாயில் உள்ளாட்சிகளின் பங்கை விரிவாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. பரங்கைகளின் வரவு கூடும்போது அதில் பத்தில் ஒன்றான இளைஞர் நிதியும் கூடும். வணிகக் கட்டடங்கள் நிறைந்த மகாத்தியின் பரங்கைக்கும், படகில் மட்டுமே சென்றடையக்கூடிய தீவுப் பரங்கைக்கும் இந்தப் பத்தில் ஒன்று ஒரே தொகையன்று. பணம் மிகுந்த இடத்தில் பந்தயங்களும் பரிசுகளும் பெருக, பணம் குறைந்த இடத்தில் அலையாத்தி நாற்றுக்கே நன்கொடை தேட நேர்கிறது. இவ்வேற்றுமையைத் தொண்டுணர்வால் சரிசெய்ய முடியாது. மன்றத் தலைவர்களின் கூட்டமைப்பு நகர மன்றத்திலும் மாகாண மன்றத்திலும் தனக்குள்ள இருக்கைகளைக் கொண்டு வாதாடினால் மட்டுமே அது பேசுபொருளாகும்.

எனவே பாராட்டுவோர் தம் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மன்றத்தைப் பற்றி அறிய விரும்புவோர் அதன் பதாகையைப் பார்க்காமல் பேரவைக் கூட்டத்தின் குறிப்பேட்டைக் கேட்கட்டும். கடந்த ஆறு மாதத்தில் பேரவை கூடியதா? கூடியபோது பொருளாளர் கணக்கை வாசித்தாரா? எவரேனும் எழுந்து எதிர்த்துப் பேசினாரா? அவ்வெதிர்ப்பால் திட்டத்தின் ஒரு வரியேனும் மாறியதா? மன்றத் தலைவர் பரங்கை மன்றத்தில் ஊர்த்தலைவருக்கு எதிராக ஒருமுறையேனும் வாக்களித்தாரா? இவற்றுக்கு விடை உண்டெனில், அம்மன்றம் ஒரு கூடைப்பந்துப் போட்டி மட்டுமே நடத்தியிருந்தாலும் தன் கடமையைச் செய்திருக்கிறது. விடை இல்லையெனில், அது நட்ட ஆயிரம் மரங்களும் வேறெவராலும் நடப்பட்டிருக்கக் கூடியவையே.

1977இல் மணிலா அரங்கில் எழுந்து நின்ற மாணவர் பள்ளிப்பையோ பந்தோ கேட்கவில்லை. இளைஞரின் பெயரால் அமர்ந்திருப்பவரை அங்கே அமர்த்தியது யார் என்று கேட்டார். அதே வினாவை இன்று 42,000 பரங்கைகளில் எந்தப் பதினைந்து வயதினரும் அச்சமின்றிக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்காகவே பேரவையும், இருபதில் ஒரு பங்கினரின் உரிமையும், தனிக் கணக்கும் வந்தன. கேட்கும் பழக்கத்தை வளர்க்காமல் துடைப்பத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் மன்றங்கள், சட்டத்தால் புதியவையாக இருந்தாலும், 1975ஆம் ஆண்டின் மேடையிலேயே இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.